சூடு பார்த்துச் சொல்

“சூடு ஏறிச்சா பாரு.”

“இப்பத்தானய்யா பத்த வெச்சேன்.”

“தொட்டுப் பாத்துச் சொல்லு மகிழு.”

“தொட்டுட்டேன். வெதவெதன்னு கீது. கொயந்தையக் குளிப்பாட்டலாம், குடிக்க முடியாது.”

“சரி, அணைச்சுடு. முன்வண்டி நவுருது.”

மகிழினி அடுப்பை அணைத்தாள். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. பாதி சூடேறிய டீயைப் பாத்திரத்தோடு தூக்கி, வண்டிக்கு அடியில் தொங்கும் அடுப்புப் பெட்டியின் கதவை முழங்காலால் தள்ளிச் சாத்தி, நகரத் தொடங்கிவிட்ட வண்டியோடு நாலு எட்டு ஓடி, படியில் கால் வைத்து ஏறி உட்கார்ந்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. ஒரே நாளில் இந்த வித்தை கைவந்துவிட்டது. வண்டி இருபதடி போனது. புஸ்ஸென்று மூச்சு விட்டு நின்றது.

துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச்சாலையில் நேற்றிலிருந்து இப்படித்தான் நிற்கின்றன. இடது பக்கம் கருங்கல் கொட்டிய கரை, அதற்கு அப்பால் கடல். வலது பக்கம் திருவொற்றியூர்க் குப்பங்களின் முதுகு. நடுவில் வரிசை. வரிசைக்கு ஒரே ஒரு சட்டம்தான். முன்வண்டியின் பின்விளக்குக்கும் உன் வண்டியின் மூக்குக்கும் நடுவே ஓர் ஆட்டோ நுழையும் அளவு இடம் விழுந்தால் அந்த இடம் உன்னுடையது இல்லை. பக்கத்தில் நிற்பவன் மூக்கை நுழைத்துவிடுவான். அதனால் அடுப்பும் வண்டியும் ஒரே நேரத்தில் ஓட முடியாது. டீயைத் தவணை முறையில்தான் கொதிக்க வைக்க வேண்டும்.

அன்புமணி பதினாறு வருஷமாக டிரெய்லர் ஓட்டுகிறான். மகிழினியைக் கட்டி பதினோரு வருஷம். அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், என்னையும் ஒரு நடை கூட்டிக்கொண்டு போயேன் என்று. லாரிக்காரர்களுக்கு ஒரு ஊர் போய்த் திரும்பினால் அது ஒரு நடை. “பொம்பளைங்க வர்ற எடமா அது” என்பான். அல்லது, “கலீஜ் புடிச்ச ரோடு, நீ தாங்க மாட்ட.” போன வாரம் திடீரென்று அவனாகவே சொன்னான்: “குண்டூர் லோடு கீது. மொளகா. நீயும் வா.”

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் குழாயடி முழுக்க அன்றைக்கு அதே பேச்சு. “இன்னாமே, லாரில ஹனிமூனா?” என்று கேட்டார்கள். “ஆமா, பொறாமையா கீதா?” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். மகளை நாத்தனார் எழில்மொழியிடம் விட்டுவிட்டு, இருக்கிற புடவையில் நல்லதாக இரண்டை மடித்து எடுத்துக்கொண்டாள்.

போன நாலு நாளும் அவள் வேறொருத்தியாக இருந்தாள். “வண்டின்னா இன்னான்னு நெனச்ச? நாலா பக்கமும் அடுப்புதான்” என்று முதல் நாளே அவன் சொல்லிக் கொடுத்தான். டிரைவர் சீட்டுக்கும் பக்கத்துச் சீட்டுக்கும் நடுவே திமிலைப் போல நிற்கும் என்ஜின் மூடியின் மேல், சோற்றுப் பானையைத் துணி சுற்றி வைத்தால், கூடூரில் வைத்தது ஓங்கோல் வரை ஆறாது. மத்தியான வெயிலில் கன்டெய்னரின் இரும்புச் சுவரில் தண்ணீர் கேனைச் சாய்த்து வைத்தால் சாயங்காலம் குளிக்க வெந்நீர். டீக்கும் குழம்புக்கும் மட்டும்தான் வண்டியின் வயிற்றில் தொங்கும் இரும்புப் பெட்டி. உள்ளே சின்ன சிலிண்டரின் தலையிலேயே பர்னர். காற்றடித்தால் பெட்டியின் கதவை மறைப்பாக வைத்துக்கொண்டு, சக்கரத்துக்கு முதுகு கொடுத்து உட்கார வேண்டும்.

டீ கொதித்ததும் டம்ளரில் ஊற்றி முதலில் அவளிடம்தான் நீட்டுவான். “சூடு பாத்துச் சொல்லு.” அவள் ஒரு வாய் குடித்து “குடிக்கலாம்” என்ற பிறகுதான் வாங்கிக்கொள்வான். சோறும் அப்படித்தான், குளிக்கிற தண்ணீரும் அப்படித்தான். வீட்டில் பதினோரு வருஷமாக முதல் டம்ளர் அவனுக்குத்தான் போயிருக்கிறது. காவலி தாண்டி ஒரு புளியமரத்தடியில், அவள் வாய் வைத்த இடத்திலேயே அவனும் வாய் வைத்துக் குடித்ததைப் பார்த்துவிட்டு, மகிழினி முகத்தைத் திருப்பிக்கொண்டு தூரத்தில் போன எருமைகளை எண்ணுவது போல நின்றாள். முப்பத்திரண்டு வயதில் வெட்கப்படுகிறோமே என்று அதற்கு வேறு ஒரு வெட்கம்.

திரும்பி வரும்போது சூளூர்ப்பேட்டையில் ஒரு கூத்து நடந்தது. டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவன் வண்டியில் ஏறி ஓட்டவும் தொடங்கிவிட்டான். பத்து நிமிஷம் கழித்து அவள்தான் கவனித்தாள், இடது காலில் செருப்பு இல்லை. “எங்கய்யா உன் செருப்பு?” அவன் குனிந்து பார்த்தான். காலைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்தான். “கடையாண்டயே நின்னுட்ச்சு போல.” அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. செருப்பு கழன்றுபோனதுகூடத் தெரியாமல் ஒரு மனிதன் நடப்பானா, அப்படி என்ன யோசனை, எவளைப் பற்றி என்று தடா வரைக்கும் அவனைக் கிண்டல் பண்ணிக்கொண்டே வந்தாள். அவனும் சிரித்தான். “ஒத்தச் செருப்ப வெச்சிகினு இன்னா பண்றது” என்று மிச்சமிருந்ததையும் ஜன்னல் வழியாக எறிந்துவிட்டான்.

டீ நாலாவது தவணையில் கொதித்தது. அவள் சூடு பார்த்தாள், அவன் குடித்தான். வரிசை இருபதடி போனது, நின்றது. மகிழினி சீட்டில் காலை மடக்கிப்போட்டுக்கொண்டு முன்னால் நிற்கும் கன்டெய்னர் பெட்டிகளின் மேல் எழுதியிருந்த அந்நிய எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கள் பெட்டியில் இருக்கிற மிளகாய் எந்த ஊருக்குப் போகும் என்று அவனுக்கே தெரியாது. பனி பெய்கிற ஏதோ ஓர் ஊரில், பெயர் வாயில் நுழையாத ஒருத்தி, இந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டுத் தாளித்துத் தும்முவாள். தன்னுடைய புருஷன் கொண்டுவந்து சேர்த்தது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் நன்றாக இருக்கும். நினைத்துக்கொண்டிருக்கும்போதே மகிழினிக்குத் தும்மல் வந்தது.

“காசிமேடு வந்ததும் நீ எறங்கிக்க” என்றான் அன்புமணி. “ஹார்பர் கேட்டாண்ட பாஸ் இல்லாத ஆள உட மாட்டான்.”

“தெரியுது. அதுக்குள்ள உன்ன சாப்ட வெச்சுட்டுப் போறேன்.”

நேற்று நாயுடுபேட்டையில் வைத்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு அரைச் சட்டி மிச்சம் இருந்தது. பழைய குழம்பு சுண்டச் சுண்டத்தான் ருசி. மத்தியானம் பன்னிரண்டு மணி வாக்கில் வரிசை அசையாமல் கிடந்தபோது இறங்கி, பெட்டியைத் திறந்து, கொதிக்க வைத்தாள். ஒரே தவணையில் கொதித்ததில் அவளுக்கு அத்தனை சந்தோஷம். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் சிவப்பாக நின்றது. பழந்துணியால் சட்டியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி, என்ஜின் மூடியின் மேல் வைக்கக் குனிந்தபோது அவள் முழங்கை மூடியின் பக்கவாட்டில் பட்டது. அந்த இடத்தில் ரெக்சின் கிழிந்து தகரம் தெரியும்.

“ஸ்ஸ்...” என்று கையை இழுத்துக்கொண்டாள். ஒரு நொடிதான் பட்டிருக்கும். தோல் சிவந்துவிட்டது.

அதே தகரத்தின் மேல், அவள் கை பட்ட இடத்துக்கு ஒரு சாண் கீழே, அன்புமணியின் வெறும் இடது கால் சாய்ந்திருந்தது. கிளட்சிலிருந்து எடுத்த காலை ஓய்வாக அதில் சாய்த்து வைத்திருந்தான். காலையிலிருந்து அப்படித்தான் வைத்திருந்தான் என்பது அவளுக்கு நினைவு வந்தது.

“யோவ், கால எடு.”

“இன்னா?”

“கால எடுய்யா.”

அவன் எடுக்கவில்லை. எதற்குச் சொல்கிறாள் என்று அவள் முகத்தில் தேடினான். அவள் சட்டியை அப்படியே வைத்துவிட்டு இரண்டு கையாலும் அவன் கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். கால் வந்தது. கணுக்காலுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு, தோல் மட்டும் தகரத்தோடு நின்றுகொண்டது. காய்ச்சிய பாலின் ஆடையைப் போல அது சுருங்கியது. காலில் அந்த இடம் ரோஜா நிறத்தில் ஈரமாக இருந்தது.

மகிழினி அவன் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரனின் காலைப் பார்ப்பது போலத் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வலிக்கலியா?”

“இல்ல.”

“கொஞ்சங்கூடவா?”

“இல்ல மகிழு.”

வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். வரிசை அசையவில்லை, சும்மா அடித்தார்கள்.

“எத்தினி நாளா?”

“தை மாசத்துலேர்ந்து. மொதல்ல எறும்பு ஊர்ற மாரி இருந்துச்சு. அப்பால எறும்பு போயிட்ச்சு. அதுங்கூடவே காலும்.”

சர்க்கரை இருப்பது அவளுக்குத் தெரியும். மாத்திரை போடுகிறான், இனிப்பு குறைத்துவிட்டான், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னான். ஆஸ்பத்திரியில் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார்களாம், தெரிகிறதா, தெரிகிறதா என்று. கண்ணை மூடிக்கொண்டு இவன் எல்லாவற்றுக்கும் தெரிகிறது என்றானாம். அதில் பாதி தடவை அவர்கள் குத்தவே இல்லையாம். டாக்டரம்மா திட்டவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்களாம்: ரெண்டு காலும் போய்விட்டது, திரும்பாது, இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது, வெறுங்காலோடு நடக்கக் கூடாது, ஒரு புண் வந்தால் போதும், விரலில் ஆரம்பித்து எடுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

“அப்ப பிரேக்கு?”

“முட்டில தெரியும். முட்டி நல்லாத்தான் கீது. அது எவ்ளோ மடங்குதோ அவ்ளோ பிரேக்கு. அப்பால காத்து சத்தம் வருது பாரு, புஸ்ஸுன்னு. அத்த வெச்சு தெரிஞ்சிக்குவேன்.”

காவலிக்கு முன்னால் ஒரு சந்தையில், குறுக்கே வந்த தயிர்க்காரக் கிழவரின் சைக்கிளை ஒட்டி வண்டி நின்றது அவளுக்கு ஞாபகம் வந்தது. கிழவர் தெலுங்கில் திட்டினார். “பயந்துட்டியா? சும்மா வெளையாட்டு காட்னேன்” என்றான் இவன். அவளும் அவன் தோளில் ஓர் அடி அடித்துவிட்டுச் சிரித்தாள். அப்போது கிழவர் பயத்தில் கீழே போட்ட சைக்கிளின் பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

“கையி?”

“வெரல் நுனிதான். போன மாசம் டீ டம்ளர புடிச்சிகினு இருந்தேன். அப்பால பாத்தா கொப்புளம். சூடு தெரியாம வாயில ஊத்தி நாக்கும் வெந்துபோச்சு. நாலு நாள் வெறும் மோரு.”

அவள் மெதுவாகக் கேட்டாள். “அதுக்குத்தான் என்னக் கூட்டியாந்தியா? சூடு பாக்கவா?”

அவன் ஸ்டீயரிங்கைத் துடைத்தான். துடைக்க அதில் எதுவும் இல்லை.

“ஆசையும்தான் மகிழு.”

ஆசையும். அந்த ஓர் ‘உம்’ அவள் மடியில் வந்து விழுந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதன். ஆசைதான் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். புளியமரத்தடியும் எருமைகளும் அவள் வாய் வைத்த இடமும் திரும்ப வந்தன. இப்போது அந்த எருமைகள் மட்டும்தான் அப்படியே இருந்தன.

படியில் யாரோ தட்டினார்கள். பின்வண்டி டிரைவர் ஹபீபுல்லா. கையில் காலித் தட்டு.

“இன்னா மாமு, மொத்த ரோடும் உன் கொழம்பு வாசனைதான். ஒரு மனுசன் பிஸ்கோத்த தண்ணில தொட்டுத் துன்னுகினு கீறேன், கேக்க நாதி இல்ல. தங்கச்சி, ஒரு கரண்டி ஊத்தும்மா. புண்ணியமாப் போவும்.”

அன்புமணி காலை சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டான். மகிழினி கரண்டியை எடுத்தாள். குழம்பு தட்டின் விளிம்பில் வழிந்தது.

“போதும் போதும். அவனுக்கு வைம்மா. இந்த ரோட்ல பொண்டாட்டி கையால சுடச்சுடத் துன்றவன் இவன் ஒருத்தன்தான். குடுத்து வெச்சவன்.” ஹபீபுல்லா விரலால் குழம்பைத் தொட்டு நக்கி, உறிஞ்சி, கண்ணை மூடித் திறந்தான். “ரவிக்குமார் சேதி கேட்டியா மாமு? அதான், மணலி யார்டு ரவி. கால்ல மூணு வெரல எடுத்துட்டாங்க. சுகரு. இப்ப டோல்கேட்டாண்ட ஒரு கம்பெனி வாசல்ல சேர் போட்டு ஒக்காந்துகினு, வர்ற வண்டி நம்பர எழுதிகினு கீறான். நேத்து பாத்தேன். நானா ஹாரன் அடிச்சேன். தல நிமிர்ல.”

“வெரல் எடுத்ததுக்கு அப்பாலயும் ஓட்னான்னு சொன்னாங்களே” என்றான் அன்புமணி, தண்ணீர் விலையைக் கேட்பது போல.

“ஓட்டினான். அதுக்குத்தான் இப்ப பாதமே போவுதுன்னு சொல்றாங்க. வுடு மாமு, நம்ம தலைல இன்னா எழுதிகீதோ.” ஹபீபுல்லா மகிழினியைப் பார்த்தான். “இன்னாம்மா, ஒடம்பு செரியில்லையா? மூஞ்சி இன்னாமோ மாரி கீது.”

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். இவன் முதலாளியிடம் சொல்வான், இல்லாவிட்டாலும் இந்த வரிசை முழுக்கச் சொல்வான். நாளைக்கே சாவியை வாங்கிக்கொள்வார்கள். அவளுக்குப் பின்னால் அன்புமணி மூச்சு விடாமல் இருந்தான். அவன் கெஞ்சியிருந்தால் சொல்லியிருப்பாள். முறைத்திருந்தாலும் சொல்லியிருப்பாள். அவன் வெறுமனே உட்கார்ந்திருந்தான், டாக்டரம்மா பேனாவை மூடியபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று தோன்றியது.

“மொளகா நெடிண்ணா” என்றாள்.

“அது சரி” என்று தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

மகிழினி தண்ணீர் கேனை எடுத்துக்கொண்டு என்ஜின் மூடிக்கும் சீட்டுக்கும் நடுவே குறுகி உட்கார்ந்து, அவன் காலைத் தன் மடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். நல்ல புடவை நனைந்தது.

“ஜில்லுன்னு கீதா?” தன்னை அறியாமல் கேட்டுவிட்டாள்.

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், நினைவிலிருந்து எதையோ எடுக்கப் பார்ப்பவன் மாதிரி. “நீ ஊத்தறது தெரியுது. பாக்குறேன் இல்ல.”

இன்னொரு புடவையின் ஓரத்தைக் கிழித்து, சுத்தமான பக்கமாகப் பார்த்துக் கட்டினாள். குழம்பு ஆறி மேலே ஏடு படியத் தொடங்கியிருந்தது. இரண்டு பேரும் சாப்பிடவில்லை. எந்த வழியில் போனாலும் நல்லதில் முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. வண்டியை விட்டால் டோல்கேட் வாசலில் ஒரு நாற்காலி, தலை நிமிராத மனிதன். விடாவிட்டால் இந்தக் கால், அல்லது சுற்றிக்கொண்டிருக்கிற ஏதோ ஒரு சைக்கிள் சக்கரம். மூன்றாவது வழி இருக்கிறதா என்று கடலைப் பார்த்தாள். அங்கே நங்கூரம் போட்ட கப்பல்கள் நின்றன. அதுவும் ஒரு வரிசைதான்.

“எறங்கிடுய்யா” என்றாள். “இங்கியே. சாவிய ஹபீபுல்லா அண்ணன்கிட்ட குடுத்துட்டு எங்கூட எறங்கிடு. ஆஸ்பத்திரி போலாம்.”

“கேட்டு தாண்டி லோட எறக்கிட்டுப் போலாம்.”

“நீ போ மாட்ட.”

வரிசை அசைந்தது. அவன் துணி கட்டிய காலால் கிளட்சை மிதித்தான். மிதித்தானா என்று குனிந்து பார்த்துக்கொண்டான். இத்தனை நாளாக அவன் அடிக்கடி குனிவதைக் கீழே எதையோ தவறவிட்டுத் தேடுகிறான் என்றுதான் நினைத்திருந்தாள். இந்தத் தடவை வரிசை நிற்கவில்லை. என்ன காரணமோ, முன்னால் யாரோ வழியைத் திறந்துவிட்டது போல வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டன. காலையிலிருந்து ஒரு டம்ளர் டீக்கு நேரம் தராத ரோடு இப்போது ஓடியது. குப்பங்கள் போயின, சாலையோரம் காயப்போட்டிருந்த மீன்கள் போயின. காசிமேட்டுப் படகுகளின் கொடிகள் தெரிந்தன.

அவன் வண்டியை ஓரம் கட்டினான். புஸ்ஸென்ற சத்தம் வந்தது. அவளும் அதற்காகக் காத்திருந்தாள் என்பது சத்தம் வந்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். ஒரு கால் படியில் இருந்தது. அன்புமணி காலையில் மிச்சம் வைத்திருந்த டீயை என்ஜின் மூடியின் மேலிருந்து எடுத்தான். பாத்திரத்திலிருந்து லேசாக ஆவி போனது. டம்ளரில் ஊற்றி, விளிம்புவரை வந்ததா என்று கண்ணால் பார்த்து, வழக்கம்போல முதலில் அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. டம்ளர் அவன் கையில் அப்படியே நின்றது. விரல்கள் அதை இறுக்கமாகப் பிடித்திருந்தன. சுடுகிறதா என்று அவனுக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியவில்லை.

பின்னால் ஹபீபுல்லா ஹாரன் அடித்தான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன், இன்னொருவன். முன்வண்டிக்கும் இவர்களுக்கும் நடுவே ஓர் ஆட்டோ நுழையும் அளவு இடம் விழுந்திருந்தது.

அன்புமணி முன்னால் பார்க்கவில்லை.

“வெள்ளிக்கெழம விசாகப்பட்டணம் லோடு கீது” என்றான். “அந்த நடைக்கும் வந்துடு மகிழு. நீ சூடு மட்டும் பாத்துச் சொல்லு. மிச்சத்த நான் ஓட்டிக்கிறேன்.”